தாம்பரத்திலிருந்து தேயிலை மலைக்கு ஒரு நாள்

சென்னையின் தெற்குப் புறநகரில், தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம், வேன் பேசிக்கொண்டு மலைக்குப் போய்வருவது பழகிப்போன வழக்கம். விடியற்காலையில் கிளம்பி அன்று இரவே வீடு திரும்பும் தொலைவில் இவர்களுக்கு வாய்த்த மலைகள் ஏலகிரியும் ஜவ்வாது மலையும். இழுத்துப் பிடித்தால் ஏற்காடு. இவற்றில் தேயிலைத் தோட்டம் என்று பெயர் சொல்லும்படி எதுவும் இல்லை. ஏற்காட்டில் இருப்பது காப்பி. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து வைத்த பயிர் அது. கூடவே மிளகும் ஆரஞ்சும் உண்டு. பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற தேயிலைச் சரிவைப் பார்க்க வேண்டுமென்றால் மேற்குத் தொடர்ச்சி மலைக்குத்தான் போயாக வேண்டும்.

காரணம் மழையும் மண்ணும். தேயிலைக்குப் புளிப்புத்தன்மை உள்ள மண் வேண்டும், வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது, மழையோ ஆண்டு முழுவதும் விட்டுவிட்டுப் பெய்ய வேண்டும். கிழக்குத் தொடர்ச்சி மலைகள் துண்டுதுண்டானவை. அங்கே மழை சில மாதங்களுக்குள் பெய்து முடிந்து, மீதி மாதங்கள் வறண்டு போகும். நீலகிரிக்கு ஜூனில் தென்மேற்குப் பருவமழையும் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழையும் கிடைக்கின்றன. அதிலும் கிழக்கு நோக்கிய சரிவில் இருக்கும் குன்னூருக்கு இரண்டாவது மழையில் நல்ல பங்கு உண்டு. உயரத்தால் வரும் குளிர்ச்சி வேறு. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குன்னூர் சுமார் 1,850 மீட்டரில். ஒன்றரை மணி நேரப் பயணத்தில் பத்து டிகிரி இறங்கிவிடுவது இந்தக் கணக்கால்தான்.

தாம்பரத்திலிருந்து குன்னூர் சாலை வழியாக 500 கிலோமீட்டருக்கு மேல். ஆகவே 'ஒரு நாள் டூர்' என்று பேச்சுக்குச் சொன்னாலும், மலையில் ஒரு பகல், சாலையில் இரண்டு இரவு என்பதே உண்மை. அசல் ஒரு நாள் பயணம் விமானத்தில் மட்டுமே முடியும். இந்தப் பகுதிக்காரர்களுக்குத் திரிசூலம் விமான நிலையம் பக்கத்துத் தெரு மாதிரி. காலை விமானத்தில் கோவைக்குச் சுமார் ஒன்றேகால் மணி நேரம், அங்கிருந்து டாக்சியில் குன்னூர், மாலையில் இறங்கி இரவு விமானத்தில் வீடு. நான்கைந்து பேர் உள்ள குடும்பத்துக்கு டிக்கெட் செலவு கையைக் கடிக்கும் என்பதால் பெரும்பாலோர் இதை நினைப்பதில்லை.

ரயில் இன்னொரு வழி. சென்னை சென்ட்ரலில் இரவு ஏறினால் நீலகிரி எக்ஸ்பிரஸ் காலையில் மேட்டுப்பாளையத்தில் இறக்கிவிடும். அது அரக்கோணம், காட்பாடி வழியே போவதால் தாம்பரம் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. மின்சார ரயிலில் பூங்கா நிலையம் வரை போய், பைகளோடு சாலையைக் கடந்து சென்ட்ரலுக்குள் நுழைய வேண்டும். அந்தச் சிரமத்தைப் பொறுத்துக்கொண்டால் இதுவே நல்ல வழி. இரவு படுத்துத் தூங்கலாம். மலை ஏறுவதற்கு மேட்டுப்பாளையத்திலேயே வண்டி பேசிக்கொள்ளலாம். ஓட்டுபவர் அந்த வளைவுகளில் தினமும் ஓட்டுகிறவராக இருப்பார்.

இருந்தாலும் வாசலில் வந்து ஏற்றிக்கொள்ளும் வேனுக்கு இருக்கிற மவுசு தனி. பன்னிரண்டு பேர் உட்காரும் டெம்போ டிராவலர், ஆறேழு பேருக்கு இன்னோவா, இவைதான் அதிகம் போகின்றன. வண்டி பேசும்போது முதலில் பார்க்க வேண்டியது நம்பர் பிளேட். வாடகைக்கு ஓடும் வண்டி மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து கொண்டிருக்க வேண்டும். நாமே ஓட்டிக்கொள்ள வாடகைக்கு எடுக்கும் கார் என்றால் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. வெள்ளைப் பலகை வண்டியைக் குறைந்த வாடகைக்குத் தருவதாக யாராவது சொன்னால், அந்தக் குறைச்சலுக்கு விலை உண்டு: வழியில் விபத்து நேர்ந்தால் பயணிகளுக்கான இன்சூரன்ஸ் தொகை சிக்கலாகிவிடும்.

அடுத்தது கணக்கு. கிலோமீட்டருக்கு இவ்வளவு, நாளைக்குக் குறைந்தபட்சம் இத்தனை கிலோமீட்டர், டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங், மலைக்குத் தனிக் கட்டணம் என்று அது பிரிந்து நிற்கும். 'நாள்' என்பதற்குப் பல டிராவல்ஸ்காரர்கள் வைத்திருக்கும் பொருள் நள்ளிரவு பன்னிரண்டு முதல் அடுத்த நள்ளிரவு வரை. வெள்ளி இரவு எட்டு மணிக்குக் கிளம்பி ஞாயிறு விடியற்காலை திரும்பும் வண்டிக்கு அந்தக் கணக்கில் மூன்று நாள் வாடகை. நாளைக்கு 300 கிலோமீட்டர் மினிமம் என்று பேசியிருந்தால் மூன்று நாளுக்கு 900. வண்டி ஓடுவதோ ஆயிரத்துக்கு மேல். ஆகவே மினிமம் கிலோமீட்டரைக் குறைக்கச் சொல்லி மல்லுக்கு நிற்பதில் பயனில்லை. பேட்டா மூன்று நாளுக்கா இரண்டு நாளுக்கா என்பதைப் பேசித் தீர்ப்பதில்தான் பணம் மிச்சம்.

பயணத்தின் உயிர்நாடி டிரைவரின் தூக்கம். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-இல் வந்தது. ஒரு நாளில் எட்டு மணி நேரம், நீண்ட தூரத் தடங்களில் பத்து மணி நேரம் வரைதான் வேலை என்று அது வரம்பு கட்டியது. இரவு முழுக்க ஓட்டியவரே காலையில் மலை ஏற்றி, மாலையில் இறக்கி, அடுத்த இரவும் ஓட்டுவது அந்த வரம்பை மிதித்துப் போவது. இரண்டு டிரைவர் போட்டால் வாடகை கொஞ்சம் கூடும். கூடட்டும். ஒருவரோடு சமாளித்துவிடலாம் என்று டிராவல்ஸ்காரர் சொன்னால், அந்த வண்டியை விட்டுவிடுவதே உத்தமம்.

வெள்ளிக்கிழமை மாலையில் ஜி.எஸ்.டி. சாலையின் நிலைமை ஊரறிந்தது. கிளாம்பாக்கத்தில் புறநகர்ப் பேருந்து நிலையம் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட பிறகு, தெற்கே போகும் பேருந்துகள் அங்கிருந்தே புறப்படுகின்றன. சொந்த ஊர் போகும் கார்களும் சேர்ந்துகொள்ள, கூடுவாஞ்சேரி, மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில் தாண்டிப் பரனூர் சுங்கச்சாவடி வரை நெரிசல் இழுத்துக்கொண்டே போகும். செங்கல்பட்டைத் தாண்டினால்தான் வேகம் கிடைக்கும். பிறகு திண்டிவனம், விக்கிரவாண்டி, உளுந்தூர்பேட்டை. அங்கே மேற்கே திரும்பி, கள்ளக்குறிச்சி, ஆத்தூர் வழியாகச் சேலம். சேலத்திலிருந்து பவானி, பெருந்துறை, அவிநாசி. அவிநாசியில் கோவைச் சாலையை விட்டு அன்னூர் வழியே மேட்டுப்பாளையம். இரவு எட்டுக்குக் கிளம்பியவர்கள் அங்கே சேரும்போது பொழுது விடிந்திருக்கும். குளித்து, இட்லியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வயிறு நிறையப் பூரி சாப்பிட்டு மலை ஏறுகிறவர்களுக்கு நான்காவது வளைவிலேயே தலை சுற்ற ஆரம்பிக்கும்.

மலை அடிவாரத்தில் கல்லாறு. இங்கே இ-பாஸ் பார்ப்பார்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இந்த முறை நடப்புக்கு வந்தது. 2025 ஏப்ரலில் நீதிமன்றம் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தது: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. நீலகிரிப் பதிவெண்ணான டி.என். 43 வண்டிகளுக்கு விலக்கு. தாம்பரத்து டி.என். 11 வண்டிக்கு முன்கூட்டியே அரசு இணையதளத்தில் பதிந்துகொள்ள வேண்டும். கோடை விடுமுறைச் சனிக்கிழமை என்றால், கிளம்பும் நாளில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு மாவட்டத்தில் தடை இருக்கிறது. சிறிய குடிநீர் பாட்டிலும் அதில் அடக்கம். வீட்டிலிருந்தே ஸ்டீல் பாட்டிலில் தண்ணீர் எடுத்துப்போவது வீண் வாக்குவாதத்தைத் தவிர்க்கும்.

கல்லாறிலிருந்து பர்லியாறு வரை பாக்குத் தோப்பு. அதற்கு மேலே காடு. குன்னூரை நெருங்கும்போதுதான் தேயிலை கண்ணில் படும். இதே கல்லாறிலிருந்து மலை ரயில் பல்சக்கரத் தண்டவாளத்தில் ஏறுகிறது. மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரை 1899-இல் திறக்கப்பட்டு, 1908-இல் ஊட்டி வரை நீண்ட பாதை அது; 2005-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இடம் பிடித்தது. எஞ்சின் பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகும். குன்னூர் வரைக்கே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். கையில் இருப்பது ஒரு பகல் என்றால் ரயிலா தேயிலையா என்று முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். குன்னூர், ஊட்டி, தொட்டபெட்டா, பைக்காரா என்று பட்டியல் போட்டு வருகிறவர்கள் நான்கையும் வேன் ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறார்கள். தேயிலைக்காக வந்தவர்களுக்குக் குன்னூர் போதும்.

இந்த ஊரில் தேயிலையின் வரலாறு முழுவதும் சில கிலோமீட்டருக்குள் கிடக்கிறது. பக்கத்துக் கேத்திப் பள்ளத்தாக்கில் 1835-இல் சோதனைக்காகச் செடி நட்டார்கள். வணிகத் தோட்டங்கள் 1850-களின் கடைசியிலும் 1860-களிலும் தலையெடுத்தன. தென்னிந்தியத் தோட்ட அதிபர்களின் சங்கமான உபாசி 1893-இல் தொடங்கியது, தலைமையகம் இங்கேதான். தேயிலை ஏல மையம் 1963 முதல் நடக்கிறது. மறு ஆண்டு அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கை மலையகத்திலிருந்து தமிழர்கள் திரும்பி வந்தபோது, அவர்களுக்கு வேலை தருவதற்காக அரசே காட்டு நிலத்தில் தேயிலை பயிரிட்டது. அதுவே இன்றைய டான்டீ நிறுவனம். கொழுந்து பறிக்கும் பெண்களிடம் பேச்சுக் கொடுத்தால் பாட்டி பிறந்த ஊர் நுவரெலியா என்றோ அட்டன் என்றோ பதில் வருவதுண்டு. தோட்டக் கம்பெனிகளைத் தவிர, படுகர் சமூகத்தினர் உள்ளிட்ட சிறு விவசாயிகள் ஏராளம். அவர்களின் பசுந்தேயிலையை வாங்கித் தூளாக்கக் கூட்டுறவுத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. பசுந்தேயிலைக்குக் கட்டுப்படியான விலை இல்லை என்ற குறையும் பல ஆண்டுகளாக அங்கே கேட்கிறது.

லேம்ஸ் ராக், டால்பின் நோஸ் போகும் சாலை தோட்டங்களுக்கு நடுவே வளைந்து போகிறது. செடி இடுப்பளவுக்கு மேல் வளராமல் இருப்பது கவாத்து செய்வதால். விட்டால் மரமாகிவிடும். இடையிடையே நிற்கும் நெட்டை மரங்கள் நிழலுக்காக வைத்த சில்வர் ஓக். ஒரே செடியில் ஒரு வாரம், பத்து நாளுக்கு ஒருமுறை கொழுந்து எடுப்பார்கள். பல இடங்களில் விரல் நுனிக்குப் பதில் இப்போது கத்தரியும் இயந்திரமும் ஓடுகின்றன. சாலையோரத்துச் செடிகளுக்குள் இறங்கிப் படம் எடுப்பது வழக்கமாகிவிட்டது. அது ஒருவருடைய விளைநிலம். கேட்காமல் நுழைவது முறையல்ல. மழைக்காலத்தில் அட்டையும் கடிக்கும்.

பார்வையாளர்களை அனுமதிக்கும் தொழிற்சாலை ஒன்றில் ஒரு மணி நேரம் செலவிடுவது இந்தப் பகலின் சிறந்த பகுதி. பறித்து வந்த இலையை நீளமான தொட்டிகளில் பரப்பிக் காற்றை ஊதி, பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வாட வைப்பார்கள். வாடிய இலை, பல் வெட்டிய இரண்டு எஃகு உருளைகளுக்கு நடுவே போகிறது. ஒன்று வேகமாகவும் மற்றது மெதுவாகவும் சுழல்வதால் இலை நசுங்கி, கிழிந்து, சுருண்டு, பச்சைத் துகளாக விழும். சி.டி.சி. என்பது இந்த முறைதான். 1930-இல் அசாமில் வந்தது. விழுந்த துகள் காற்றுப் பட்டுக் கொஞ்ச நேரத்தில் செம்பு நிறத்துக்கு மாறும். அப்போது எழும் வாசனை டீயின் வாசனை அல்ல, அறுத்த ஆப்பிளை நினைவுபடுத்துவது. பிறகு சூடான காற்றில் உலர்த்தி, சல்லடையில் பிரித்தால் தூள், டஸ்ட் என்று தரம் தரமாக வந்து சேரும். நான்கு, நாலரை கிலோ பசுந்தேயிலைக்கு ஒரு கிலோ தூள். இலையை நசுக்காமல் உருட்டித் தயாரிப்பது ஆர்த்தடாக்ஸ். நீலகிரி ஆர்த்தடாக்ஸ் தேயிலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. டிசம்பர், ஜனவரிப் பனியில் மெல்ல வளரும் கொழுந்துக்கு மணம் கூடுதல்.

வாங்கும்போது வீட்டுப் பழக்கத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். பால் ஊற்றிக் கொதிக்கவைக்கும் டீக்குச் சி.டி.சி. டஸ்ட்தான் சரி. ஆர்த்தடாக்ஸ் இலையைப் பாலில் கொதிக்கவிட்டால் காசும் மணமும் வீண்; அதைச் சுடுநீரில் ஊறவைத்துப் பால் இல்லாமல் குடிப்பதே பொருத்தம். சாலையோரத்தில் மலிவாகக் கிடைக்கும் தூளில் சந்தேகம் இருந்தால், வடிதாளில் கொஞ்சம் பரப்பித் தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம். உடனே தாளில் நிறம் படர்ந்தால் சாயம் கலந்தது.

நான்கு மணிக்குள் இறங்கத் தொடங்குவது நல்லது. மாலையில் மூடுபனி சாலையை மறைத்துவிடும். கோடை சீசனில் ஏறுவதற்குக் குன்னூர் சாலை, இறங்குவதற்குக் கோத்தகிரி சாலை என்று ஒருவழியாக்கிவிடுவார்கள். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது மலை டிரைவர்களின் விதி. பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிமானம் விட்டுவிடும். குறுகலான இடத்தில் எதிரே ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிற வண்டிதான் ஒதுங்கி வழி விட வேண்டும் என்பது சாலை விதி. அக்டோபர், நவம்பரில் குன்னூர் சாலையில் மண்சரிவு சாதாரணம். 2009 நவம்பரில் நீலகிரியில் ஏற்பட்ட சரிவுகள் பல உயிர்களைக் குடித்தன. கனமழை எச்சரிக்கை இருக்கும் வாரத்தில், கொடுத்த அட்வான்ஸ் போனாலும் பயணத்தைத் தள்ளிப்போடுவதே சரி.

மேட்டுப்பாளையத்தில் சாப்பிட்டுவிட்டு, பகலில் தூங்கிய இரண்டாவது டிரைவர் கையில் வண்டியைக் கொடுத்தால் ஞாயிறு விடியுமுன் தாம்பரம். வாடகை பெரும்பாலும் ஷெட்டிலிருந்து ஷெட் வரை ஓடிய கிலோமீட்டருக்கு என்பதால், கிளம்பும்போதே மீட்டரைப் படம் எடுத்து வைத்திருந்தவர்களுக்குக் கணக்கு முடிப்பதில் தகராறு இருக்காது. டோல் ரசீதுகளையும் அப்போதே சரிபார்த்து வாங்கிக்கொள்ள வேண்டும்.