படகில் யார் இருப்பார்?



ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள், நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போவதில்லை. படகுக்கு வர்ணம் பூசுகிறோம், இன்ஜினைப் பிரிக்கிறோம், வலையைப் பழுது பார்க்கிறோம். வருமானம் இல்லாத இந்த நாள்களில்தான் நம் வீடுகளில் அந்தப் பேச்சு எழுகிறது. “கம்பெனியில கூப்பிடுறாங்கப்பா. மாசச் சம்பளம். போகட்டுமா?” அப்பா பதில் சொல்வதில்லை. அம்மா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார்.

நற்செய்தியிலும் இப்படி ஒரு குடும்பம் உண்டு. ஆண்டவர் அழைத்தபோது யாக்கோபும் யோவானும் படகில் வலைகளைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். தந்தை செபதேயுவை விட்டுப் புறப்பட்டார்கள். ஆனால், தந்தை தனியாக இல்லை, கூலியாள்களும் படகில் இருந்தார்கள் என்பதை மாற்கு மறக்காமல் எழுதுகிறார் (மாற் 1:19-20). கம்பெனியின் அழைப்பும் ஆண்டவரின் அழைப்பும் ஒன்றல்ல. என்றாலும், போகிறவர் கேட்க வேண்டிய கேள்வி இங்கே இருக்கிறது: நான் போனால் அப்பாவோடு படகில் யார் இருப்பார்?

கோபுரம் கட்ட நினைப்பவர் முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பார் என்றார் ஆண்டவர் (லூக் 14:28). நாமோ உட்காருவதற்கு முன்பே சண்டை போட்டுவிடுகிறோம். டீசல், ஐஸ், ஆள்களின் பங்கு, கடனுக்கு வட்டி எல்லாம் எழுதுகிறோம். மகனின் உழைப்புக்கு என்ன எழுதுகிறோம்? “நம்ம பிள்ளைதானே” என்று விட்டுவிடுகிறோம். அவன் கூலியையும் கழித்துப் பார்த்தால்தான் தொழிலில் மிஞ்சுவது எவ்வளவு என்று தெரியும். நல்ல பாடு கிடைத்த ஒரு நாளை வைத்து அல்ல, இந்த 61 நாள்களையும் சேர்த்து ஒரு வருடத்துக்குப் பார்க்க வேண்டும்.

அந்தப் பக்கமும் அப்படித்தான். சம்பளத்தில் அறை வாடகை, சாப்பாடு, ஊருக்கு வந்துபோகும் செலவு போக என்ன மிஞ்சும்? வேலை நிரந்தரமா, ஒப்பந்தமா? வருங்கால வைப்பு நிதி பிடிப்பார்களா? கடிதத்தை வீட்டில் எல்லாரும் படிக்க வேண்டும்.

கணக்கில் வராத ஒன்றும் உண்டு. சிலர் மீன் வாடைக்கு வெட்கப்பட்டுப் போகிறார்கள். சிலர் அப்பாவுக்குப் பயந்து தங்கிவிடுகிறார்கள். வெட்கமும் பயமும் நல்ல ஆலோசகர்கள் அல்ல. திருத்தூதர் பவுல் கொரிந்தில் அக்கிலா, பிரிஸ்கில்லாவோடு கூடாரம் செய்து பிழைத்தார் (திப 18:3). கைத்தொழில் அவருக்கு இழிவாக இல்லை. தொழிலாளரான சூசையப்பரின் விழாவை மே 1-இல் திருச்சபை கொண்டாடுவதும் அதனால்தான். சொந்தப் படகில் செய்தாலும் பிறரிடம் செய்தாலும் நேர்மையான வேலைக்கு ஒரே மதிப்புதான்.

இந்த வாரம் ஒரு நாள், இரவு செபமாலை முடிந்ததும் எழுந்துவிடாமல் ஒரு தாளோடு உட்காருவோம். முதலில் பிள்ளை பேசட்டும். குறுக்கிடாமல் கேட்போம். பிறகு அப்பா பேசட்டும். மகன் போவதானால், படகுக்கு ஆள் ஏற்பாடு செய்துவிட்டுப் போகட்டும். தங்குவதானால், கூலியில்லாத கையாளாக அல்ல, எழுதிவைத்த பங்குள்ள கூட்டாளியாகத் தங்கட்டும்.

ஆண்டவரே, கடலிலும் கரையிலும் எங்கள் பிள்ளைகளோடு இரும். அவர்களைப் பிடித்துவைக்காமலும், அவர்கள் எங்களைக் கைவிடாமலும் வாழ எங்களுக்குக் கற்பியும். ஆமென்.