முதல்ல குளியல், அப்புறம் மருந்து

இன்னைக்கு எபிசோட் சின்னதுதான். ஆனா வீட்ல நாயோ பூனையோ இருந்தா, முழுசா கேட்டுடுங்க. நான் செஞ்ச ஒரு தப்புல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்க வீட்டு நாய் பேரு பிஸ்கட். ஒரு சனிக்கிழமை அவனுக்கு உண்ணி மருந்து விட்டேன். சின்ன டியூப்ல வருமே, கழுத்துக்குப் பின்னாடி விடுற ஸ்பாட்-ஆன், அதுதான். அந்த இடம் பிசுபிசுன்னு இருந்துச்சு. மறுநாள் வழக்கம்போல ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டிட்டேன். மூணே வாரத்துல காது மடல், விரல் இடுக்கு எல்லாம் உண்ணி. அப்புறம் காய்ச்சல், சாப்பாட்டையே தொடலை. ரத்தப் பரிசோதனையில உண்ணிக் காய்ச்சல்னு தெரிஞ்சுது. 28 நாள் மாத்திரை. "மருந்து போலி போல, டாக்டர்"னு புலம்பினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "எப்போ குளிப்பாட்டினீங்க?"

விஷயம் இதுதான். ஃபிப்ரோனில் மாதிரியான மருந்து, தோல்ல இருக்கிற எண்ணெய்ப் பசையோட சேர்ந்துதான் உடம்பு முழுக்கப் பரவும். எண்ணெய்ச் சுரப்பிகள்ல தங்கி, கொஞ்சம் கொஞ்சமா வெளிய வரும். உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் அதுல பட்டு சாகும். முன்னாடியே ஷாம்பு போட்டா அந்த எண்ணெய் போயிடும், மருந்து பரவ வழி இல்லை. விட்ட உடனே குளிப்பாட்டினா மருந்தே போயிடும். அதனால விடுறதுக்கு முன்னாடி 2 நாள், விட்ட பிறகு 2 நாள் குளியல் வேண்டாம். ரோமம் நல்லா காய்ஞ்சிருக்கணும். ரோமத்தை விலக்கி, தோல் மேலயே விடணும்.

எல்லா மருந்துக்கும் இதே கணக்கு இல்லை. செலமெக்டின் தோல் வழியா ரத்தத்துல கலக்கும்; 2 மணி நேரம் கழிச்சுக் குளிப்பாட்டலாம். அதனால டப்பாக்குள்ள இருக்கிற அந்தத் துண்டுச்சீட்டைத் தூக்கிப் போடாதீங்க, படிங்க.

பூனை வெச்சிருக்கிறவங்க இதைக் கவனிங்க. நாய்க்கான சில மருந்துகள்ல பெர்மெத்ரின் இருக்கும். நாய்க்குப் பிரச்சினை இல்லை. ஆனா பூனையோட உடம்பால அதைச் சரியா உடைச்சு வெளியேத்த முடியாது. நடுக்கம், வலிப்புன்னு போய் உயிரே போகலாம். "மிச்சம் இருக்கே, பூனைக்கும் ரெண்டு சொட்டு"ன்னு விட்டுடாதீங்க. தப்பித் தவறி விட்டுட்டா, அப்போ 2 நாள் கணக்கெல்லாம் கிடையாது. வெதுவெதுப்பான தண்ணியில, பாத்திரம் கழுவுற லிக்விட் சோப் போட்டு உடனே கழுவிட்டு, நேரா டாக்டர்கிட்ட ஓடுங்க.

பிஸ்கட் இப்போ நல்லா இருக்கான். எங்க வீட்டுக் காலண்டர்ல புதன் குளியல், சனி மருந்து, அடுத்த குளியல் அடுத்த புதன். உங்க காலண்டர்லயும் இப்பவே குறிச்சு வெச்சுடுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.