இளவேனிலில் ஸ்டிராபெரிக்கு உரம்

பனி உருகி, மண் நெகிழ்ந்து, ஸ்டிராபெரிச் செடி முதல் தளிரை நீட்டுவது, இங்கிலாந்திலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் இளவேனிற் காலத்தில். தோட்டக்காரர் உர மூட்டையை அவிழ்க்க விரைவதும் அப்பொழுதுதான். குளிர்காலம் முழுதும் உறங்கிய செடிக்குப் பசியிராதா என்று அவர் எண்ணுகிறார். இயல்பான எண்ணமே. ஆயினும், ஜூன் மாதத்தை ஒட்டி ஒரே முறை காய்க்கும் வகைகளுக்கு அது கேடு செய்யும் எண்ணம் என்றே நான் சொல்வேன்.

மாணவ நண்பர்களே, காரணத்தை அறிய முந்திய ஆண்டின் இலையுதிர் காலத்திற்குச் செல்ல வேண்டும். பகற்பொழுது குறுகிக் குளிர் தலைகாட்டும்போதே, மறு ஆண்டுக்குரிய பூமொட்டுகள் செடியின் குருத்துக்குள் கருக்கொண்டு விடுகின்றன. பகலின் நீளத்திற்கும் இச்செடி பூப்பதற்கும் உள்ள தொடர்பை அமெரிக்க ஆராய்ச்சியாளர்களான டாரோ, வால்டோ இருவரும் 1934-இல் விளக்கி எழுதினர். கண்ணுக்குப் புலனாகாத அம்மொட்டுகளுடனேயே செடி பனிக்கடியில் கிடக்கிறது. எனவே, ஏப்ரலில் எவ்வளவு உரமிட்டாலும் அவ்வாண்டின் மொட்டுகள் பெரிதும் கூடுவதில்லை.

பின் அவ்வுரம் எங்கே போகிறது? நைட்ரஜனுக்கு நம் உழவர் வழங்கும் பெயர் தழைச்சத்து. விடை அப்பெயரிலேயே இருக்கிறது! இலைகள் மண்டிக் காற்றும் வெயிலும் உட்புகாமல் மறைக்கின்றன. அந்த ஈர நிழலில் சாம்பல் நிறப் பூசணம் கனியைப் பற்றுகிறது. தப்பிய கனியும் உறுதியற்று, சந்தைக்குப் போகுமுன்னே குழைந்து விடுகிறது. சில வாரங்களில் பறித்து முடிக்க வேண்டிய பயிர் இது. அவ்வாரங்கள் போனால் ஓராண்டு உழைப்பும் போயிற்று.

உரத்திற்கு உரிய காலம் அறுவடை முடிந்த பின்னர்தான். கனி பறித்த களைப்பில் தோட்டத்தை மறந்துவிடுவோர் பலர். ஆனால், அப்பொழுதே குருத்து அறுபடாமல் பழைய இலைகளைக் கழித்து, களை நீக்கி, உரமிட்டு நீர் பாய்ச்ச வேண்டும். புதிதாகத் தழைக்கும் இலைகளே இலையுதிர் காலத்தில் மொட்டுகளை ஊட்டி வளர்ப்பவை.

மணற்பாங்கான நிலத்தில் இலைகள் வெளிறிக் காணப்பட்டால், இளவேனிலிலும் சிறிது தழைச்சத்து இடலாம். அவ்வேனிலில் நட்ட புதுச் செடிகள் வேர் பிடித்ததும் சிறிது உரம் பெறத்தக்கவை. அவற்றின் முதலாண்டுப் பூக்களையோ கிள்ளி எறிந்துவிடுவர். எதை இட்டாலும் குருத்தின்மேல் படாமல், சற்றுத் தள்ளி இடுவதே முறை. இச்செடியின் வேர்கள் மேல்மண்ணிலேயே பரவுவதால், மிகுந்த உரம் அவற்றை எளிதில் கருக்கி விடும்.