அரிசியளவுச் சுரப்பி

 

கழுத்தில் தைராய்டு சுரப்பியின் பின்புறத்தே, பெரும்பாலோர்க்கு நான்கு சிறு சுரப்பிகள் உள்ளன. பாராதைராய்டு எனப்படும் இவை ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஓர் அரிசியளவே. குருதியில் கால்சியம் குறையும்போது, இவற்றின் சுரப்பு எலும்பிலுள்ள கால்சியத்தைக் குருதிக்குக் கொணரும். தேவைக்கு மிஞ்சிச் சுரந்தாலோ, காக்கும் சுரப்பியே எலும்பை அரிக்கும். சிறுநீரகத்தில் கல்லை வளர்க்கும்.

இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் இறந்த இந்தியக் காண்டாமிருகத்தின் உடலை ஆராய்ந்த ரிச்சர்டு ஓவன், இச்சுரப்பியைக் கண்டு குறித்தார். மனித உடலில் இதனை 1880-ஆம் ஆண்டு விளக்கியுரைத்தவர் சுவீடன் நாட்டு மருத்துவ மாணவர் இவார் சாண்ட்ஸ்ட்ரோம். 1925-இல் வியன்னாவில் பெலிக்ஸ் மாண்டல் முதன்முதலாக இச்சுரப்பிக் கட்டியை அறுத்தகற்றினார்.

இவ்வரலாற்றில் மறக்கவொண்ணாதவர், சார்லஸ் மார்ட்டல் என்னும் அமெரிக்கக் கப்பல் தலைவர். நெடிதுயர்ந்த அவர் எலும்புகள் நலிந்து பல அங்குலம் குறுகினார். அறுவை மருத்துவர்கள் பலமுறை கழுத்தைத் திறந்தும் கட்டி அகப்படவில்லை. அவர் தாமே உடற்கூற்று நூல்களைப் பயின்று, மார்பினுள்ளும் தேடுமாறு வற்புறுத்தினார். கருவளர்ச்சியின்போது இச்சுரப்பிகள் மேலிருந்து கீழிறங்கி வருவன. சிற்சில வேளை மார்புவரை சென்றுவிடும். 1932-இல் பாஸ்டன் நகரில் ஏழாம் அறுவையின்போது கட்டி மார்பினுள்ளே கிடைத்தது. எனினும் சிறுநீரகம் முன்பே கெட்டிருந்தமையால், சில வாரங்களில் அவர் காலமானார். விடை கிடைத்தது, காலம் கடந்திருந்தது.

இக்கட்டிகளுள் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆயினும் சில குடும்பங்களில் பாராதைராய்டு, பிட்யூட்டரி, கணையம் ஆகிய மூன்றிலும் கட்டிகள் தோன்றும். இதனை 1954-இல் பால் வெர்மர் மரபுவழி நோயென எடுத்துரைத்தார். அதற்குக் காரணமான மரபணு, பதினோராம் குரோமோசோமில் 1997-இல் கண்டறியப்பட்டது. பெற்றோருள் ஒருவர்க்கு இக்குறை இருப்பின், ஒவ்வொரு குழந்தைக்கும் அது வரும் வாய்ப்பு சரிபாதி.

ஆதலின், மீண்டும் மீண்டும் சிறுநீரகக் கல் தோன்றினும், சிறு அடியில் எலும்பு முறியினும், ஓயாத சோர்வும் தாகமும் மலச்சிக்கலும் வருத்தினும், ‘வயதின் தளர்ச்சி’ என்று வாளாவிருத்தல் தகாது. குருதியில் கால்சியத்தை அளந்தறிவது எளிய சோதனை. அது மிகுந்திருப்பின், பாராதைராய்டு சுரப்பின் அளவையும் மருத்துவர் பார்ப்பார். குடும்பத்தில் எவர்க்கேனும் இந்நோய் இருந்ததாயின், அதனை மறையாது மருத்துவரிடம் உரைத்தல் வேண்டும். மார்ட்டலுக்குக் காலந்தாழ்ந்து கிடைத்த விடை, இன்று ஒரு துளிக் குருதியிலிருந்து தொடங்குகிறது.