ஆர்டர் கூடினால் வருமானம் கூடுமா?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் ஊக்குநர்கள், பிரதிநிதிகள் முன் பேசியது)



போன கூட்டத்தில் ஒரு அக்கா எழுந்து, “ஸ்விக்கி, சொமேட்டோன்னு சொல்றாங்களே, அதுல எங்க மெஸ்ஸையும் சேர்த்தா யாவாரம் கூடுமா?” என்று கேட்டார். உடனே பதில் சொல்லாமல் இருந்துவிட்டோம். ஏனென்றால், முன்பு ஒரு குழுவுக்கு அவசரப்பட்டு யோசனை சொல்லிவிட்டு நாங்கள் வருத்தப்பட்டிருக்கிறோம். அதை மறைக்காமல் இன்று சொல்லிவிடுகிறோம்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஐந்து பேர் சேர்ந்து நடத்தும் சின்ன மெஸ் அது. வங்கிக் கடனில் அடுப்பும் பாத்திரமும் வாங்கியவர்கள். ஒரு ஆப்பில் சேர்ந்தார்கள். முதல் மாதம் 90 ஆர்டர் வந்தது. பிறகு ஒரு போன். “20 சதவீதம் தள்ளுபடி கொடுங்க, விளம்பரமும் போடுங்க. உங்க கடைதான் மேல தெரியும்.” எங்களிடம் கேட்டார்கள். நாங்களும், “போட்டுத்தான் பாருங்களேம்மா” என்றோம்.

அடுத்த மாதம் 260 ஆர்டர்! கேசரி கிண்டி எல்லோருக்கும் கொடுத்தார்கள். நாங்களும் சாப்பிட்டுவிட்டு வந்தோம். ஆனால் பார்சல் கட்டவே நேரம் சரியாக இருந்ததால், கடையில் வந்து உட்கார்ந்தவர்கள் காத்திருந்து பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். மாதக் கடைசியில் கடன் தவணை கட்டப் பணம் இல்லை. குழுச் சேமிப்பில் எடுத்துக் கட்டினார்கள். “ராத்திரி பதினோரு மணி வரைக்கும் நின்னோமே, காசெல்லாம் எங்க போச்சு?” என்று ஒருவர் முகத்தை ஒருவர் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். யாரும் எடுக்கவில்லை. கணக்குதான் போடவில்லை. போடச் சொல்லாதது எங்கள் தவறு.

பிறகு எல்லோரும் உட்கார்ந்து, 200 ரூபாய் ஆர்டர் ஒன்றுக்குக் கணக்கு எழுதினோம். நீங்களும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

தள்ளுபடி 20 சதவீதம்: 40 ரூபாய். மீதி 160.
அதில் கமிஷன் 25 சதவீதம்: 40 ரூபாய்.
கமிஷன் மீது ஜி.எஸ்.டி. 18 சதவீதம்: 7 ரூபாய் 20 பைசா.
ஒரு ஆர்டருக்கு விளம்பரச் செலவு: 10 ரூபாய்.
டப்பா, பை: 10 ரூபாய்.
கையில் நிற்பது 92 ரூபாய் 80 பைசா.

அரிசி, காய்கறி, எண்ணெய், கேஸ் எல்லாம் சேர்ந்து 100 ரூபாய். ஆக, ஒவ்வொரு பார்சலோடும் 7 ரூபாய் 20 பைசாவையும் வைத்துக் கட்டி அனுப்பியிருக்கிறோம்! 260 ஆர்டருக்கு 1,872 ரூபாய் நட்டம். ஐந்து பேரின் உழைப்புக்குக் கூலி இதில் சேரவே இல்லை.

தள்ளுபடியும் விளம்பரமும் இல்லாவிட்டால் அதே ஆர்டரில் 31 ரூபாய் மிஞ்சும். கமிஷன் ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் மாறும். உங்கள் ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று படித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். 2025 ஜூலை முதல் இந்த ஆப்களில் ஆர்டர் எடுப்பதில்லை என்று நாமக்கல் ஓட்டல்காரர்கள் அறிவித்ததற்கும் கமிஷன்தான் காரணம்.

அப்படியானால் ஆப்பே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. நம் தெருவைத் தாண்டி நம் சமையலைக் கொண்டுபோக அது ஒரு வழி. ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும், அவ்வளவுதான். அந்த மெஸ்ஸில் செய்த மாற்றங்களைச் சொல்கிறோம்.

முதலில், முப்பது அயிட்டத்தை எட்டாகக் குறைத்தார்கள். எலுமிச்சை சாதம், புளி சாதம், சப்பாத்தி குருமா போன்றவை அரை மணி நேரம் கழித்துப் பிரித்தாலும் நன்றாக இருக்கும். முறுகல் தோசை போய்ச் சேருவதற்குள் துவண்டுவிடும்.

இரண்டாவது, படம். யாரோ எடுத்த படத்தைப் போடாமல், தங்கள் சாப்பாட்டையே பகல் வெளிச்சத்தில் எடுத்துப் போட்டார்கள். “3 சப்பாத்தி, 1 கப் குருமா” என்று அளவையும் எழுதினார்கள். ‘கொஞ்சமா இருக்கு’ என்ற புகார் குறைந்தது.

மூன்றாவது, எல்லாவற்றுக்கும் தள்ளுபடி கொடுப்பதை நிறுத்தினார்கள். அதற்குப் பதில் இரண்டு சாதம், ஒரு பொரியல், ஒரு பாயசம் சேர்த்து ஒரே விலை வைத்தார்கள். ஒரே பையில் பெரிய ஆர்டராகப் போனது. விளம்பரம் போட்டால் ஏழு நாள் மட்டும், இவ்வளவு ரூபாய்தான் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிட்டே போடுகிறார்கள்.

நான்காவது, அயிட்டம் தீர்ந்தால் உடனே ஆப்பில் ‘இல்லை’ என்று மாற்றுகிறார்கள். ஆர்டரை வாங்கிவிட்டு மறுத்தால் கடைக்குத்தான் கெட்ட பெயர்.

அடுத்த மாதம் 120 ஆர்டர்தான் வந்தது. மிச்சம் 3,720 ரூபாய். சேமிப்பில் எடுத்த பணத்தை மூன்று தவணையில் திருப்பி வைத்துவிட்டார்கள். இப்போது ஐந்து பேரும் பழையபடி சிரித்துப் பேசுகிறார்கள். எங்களுக்கு அதுதான் பெரிய லாபம்.

இன்னும் சில விஷயங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். ஆப் வழியாக விற்கும் உணவுக்கான 5 சதவீத ஜி.எஸ்.டி.யை 2022 ஜனவரி 1 முதல் ஆப் நிறுவனமே அரசுக்குக் கட்டுகிறது. அதை நம் வரவாக எண்ணி ஏமாற வேண்டாம். நம் மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருக்கிறது. துணிப்பை, காகிதப்பை விலையையும் கணக்கில் சேருங்கள்.

பணம் குழுவின் வங்கிக் கணக்குக்கே வரட்டும். கடவுச்சொல் இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கட்டும். வாரா வாரம் ஆப்பில் வரும் பட்டியலை ரொக்கப் புத்தகத்தோடு வைத்து எல்லோர் முன்னிலையிலும் சத்தமாகப் படியுங்கள். போனில் யார் சலுகை சொன்னாலும், “குழுவில பேசிட்டுச் சொல்றோம்” என்று சொல்லப் பழகுங்கள். நாங்கள் சொன்னாலும் அப்படியே சொல்லுங்கள்!