பூட்டிக் கிடக்கும் அறைகள்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மண்டபத்துக்குள் நுழைந்ததும் நான் முதலில் குனிந்து பார்த்தது என் சப்பாத்தைத்தான். வெள்ளைச் சப்பாத்தில் சேறு பட்டிருந்தால் காலைப் பிரார்த்தனை வரிசையிலிருந்து வெளியே எடுத்துவிடுவார்கள் என்ற பயம் இருபத்தைந்து வருடம் கழித்தும் போகவில்லை. வைத்தியராகி என்ன பயன்!

செயலாளர் என்னிடம் நீரிழிவு பற்றிப் பேசச் சொன்னார். அதைத் தேநீர் மேசையில் கேக் துண்டைக் கையில் வைத்துக்கொண்டே பேசலாம், இன்று வேறொன்று பேச அனுமதி தாருங்கள் என்று கேட்டேன். தந்தார். நன்றி.

நான் உயர்தரம் முதல் தடவை எழுதியது 1998இல். அப்போது நான்கு பாடங்கள். தாவரவியலும் விலங்கியலும் கைகொடுத்தன, இரசாயனவியல் பரவாயில்லை, பௌதிகவியல் கவிழ்த்துவிட்டது. மருத்துவ பீடத்துக்குப் புள்ளி போதவில்லை. வீட்டில் ஒருநாள் அழுகை, இரண்டாம் நாள் அப்பா "சரி, செகண்ட் ஷை எடு" என்றார். அவ்வளவுதான். அடுத்த ஒரு வருடம் நான் காலையிலும் மாலையிலும் வெள்ளவத்தையில் ரியூசனுக்குப் போனேன். இரவு பதினொரு மணிக்கு அம்மா பால்தேத்தண்ணி கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போவார். அந்த வருடம் முழுவதும் அப்பா தொலைக்காட்சியைச் சத்தமாகப் போட்டதில்லை. அடுத்த முறை கிடைத்தது.

இங்கே உள்ள வைத்தியர்களில், பொறியியலாளர்களில் எத்தனை பேர் செகண்ட் ஷை என்று கையை உயர்த்தச் சொல்லமாட்டேன், உங்கள் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கிறார்கள். அந்த ஒரு வருடத்தை யாரோ எனக்குச் செய்த உதவி என்று நான் நீண்ட காலம் நினைக்கவே இல்லை. வீடு என்றால் அப்படித்தானே என்று இருந்துவிட்டேன்.

கொட்டாஞ்சேனையில் நான் நோயாளர் பார்க்கும் இடத்திலிருந்து சிறிது தூரத்தில் பெண்பிள்ளைகளுக்கான சிறுவர் இல்லம் ஒன்று இருக்கிறது. பெயர் சொல்லமாட்டேன். நல்ல இல்லம், பொறுப்பாளரும் நல்லவர். மாதத்தில் ஒரு ஞாயிறு அங்கே போய்ப் பிள்ளைகளைப் பார்ப்பேன். தலையில் பேன், இரத்தச்சோகை, பல்வலி, இவைதான் பெரும்பாலும். நாடு முழுவதும் இப்படியான இல்லங்களில் 2019ஆம் ஆண்டுக் கணக்கின்படி 10,000க்கு மேற்பட்ட பிள்ளைகள் வாழ்ந்தார்கள். அவர்களில் அதிகமானோருக்குத் தாயோ தகப்பனோ, சிலருக்கு இருவருமோ உயிரோடு இருக்கிறார்கள். அம்மா மத்திய கிழக்கில் வீட்டு வேலை, அப்பா குடி, அல்லது மறுமணம், அல்லது வெறும் வறுமை. ஆகவே 'அநாதைப் பிள்ளைகள்' என்ற சொல்லை இன்றிலிருந்தாவது நமது நன்கொடைக் கடிதங்களிலிருந்து எடுத்துவிடுவோமே.

இந்தப் பிள்ளைகளில் ஒருத்தி 2019இல் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானாள். அந்த இல்லத்திலிருந்து முதலாவது ஆள். எங்களுக்கெல்லாம் தலைகால் தெரியாத சந்தோஷம். நானும் நண்பிகள் சிலரும் காசு சேர்த்துப் பெட்டி, உடுப்பு, கைபேசி எல்லாம் வாங்கிக் கொடுத்தோம். படமும் எடுத்துக்கொண்டோம். அதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்தேன்.

2020 மார்ச் மாதம் கொவிட் வந்தது. பல்கலைக்கழகங்களை மூடி, எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். நியாயமான முடிவுதான். ஆனால் அவள் எங்கே போவாள்? வயது 20. இல்லத்தில் அவளுடைய கட்டிலில் வேறு பிள்ளை. முன்பு கூட இருந்த அக்கா ஒருத்தி கட்டுநாயக்காவில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்தாள், அவளுடைய போடிங் அறைக்குப் போனாள். ஓர் அறையில் ஐந்து பேர். இரவு வேலை முடித்து வந்து பகலில் தூங்குபவர்கள். அந்த இருட்டுக்குள் இருந்து, வெடித்த திரையுள்ள கைபேசியில், தனக்குப் பாதி விளங்கும் ஆங்கிலத்தில் விரிவுரை கேட்டிருக்கிறாள். அறை வாடகைக்குப் பங்கு கொடுக்கவேண்டும் என்று ஜூலையில் அதே தொழிற்சாலையில் சேர்ந்தாள். எனக்கு விஷயம் தெரிந்தது செப்டம்பரில். திரும்பப் போகும்படி எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "ஒருத்தரும் கேக்கல மிஸ், நான் யாருகிட்ட சொல்றது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டம். அவளிடம் என்னுடைய தொலைபேசி இலக்கம் இருந்தது. ஆனால் அந்த ஆறு மாதத்தில் நான் ஒரு தடவைகூட அவளுக்கு எடுத்ததில்லை. வைத்தியசாலையில் அந்த நாட்கள் எப்படி இருந்தன என்பது உங்களுக்குத் தெரியும். அது காரணம்தான். ஆனாலும் ஒரு நிமிட அழைப்புக்கு நேரம் இல்லாமல் இருந்தேன் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது.

நம் நாட்டில் 1945இலிருந்து இலவசக் கல்வி. கன்னங்கரா அவர்களின் புண்ணியத்தில் பல்கலைக்கழகத்துக்குக் கட்டணம் இல்லை. வருமானம் குறைந்த மாணவருக்கு 1981இலிருந்து மகாபொல இருக்கிறது. மாதம் 5,000 ரூபாவாக இருந்ததை 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 7,500 ஆக்கினார்கள். ஆகவே பலர் என்னிடம் கேட்பது, "எல்லாம் இலவசம்தானே, கெட்டிக்காரப் பிள்ளை என்றால் படித்து வந்துவிடும்தானே" என்று. 7,500 ரூபாவுக்கு வெள்ளவத்தையில் என்ன வாடகைக்குக் கிடைக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

உண்மையான சிக்கல் காசைவிடக் கணக்கில் இருக்கிறது. இல்லம் பொதுவாக 18 வயதோடு முடிகிறது. உயர்தரம் எழுதும்போது பிள்ளைக்கு 18 அல்லது 19. பெறுபேறு வர மாதங்கள், வெட்டுப்புள்ளி வர மேலும் மாதங்கள், பல்கலைக்கழகம் தொடங்க இன்னும் மாதங்கள். செகண்ட் ஷை என்றால் இன்னொரு வருடம். நம் பிள்ளைகள் இந்தக் காலத்தைக் கணினி வகுப்பிலும் கல்யாண வீடுகளிலும் கழிக்கிறார்கள். இல்லத்துப் பிள்ளைக்கு அந்தக் காலத்தில் படுக்க இடம் இல்லை.

எனக்குத் தெரிந்த இரண்டாவது பிள்ளையின் கதையைச் சொன்னால் இன்னும் விளங்கும். ஹற்றன் பக்கத் தோட்டமொன்றில் பிறந்தவள். ஒன்பது வயதில் கொழும்பு இல்லத்துக்குக் கொண்டுவரப்பட்டாள். வர்த்தகப் பிரிவு. 2021 டிசம்பரில் 18 நிறைந்தது. 2021ஆம் ஆண்டுக்கான உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரிக்குத் தள்ளிப்போனதால் பொறுப்பாளர் தன் தலையில் போட்டுக்கொண்டு பரீட்சை முடியும்வரை வைத்திருந்தார். பெறுபேறு வந்தது. பல்கலைக்கழகத்துக்குப் போதவில்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியா அப்படிப் பின்தங்கியதாகக் கணிக்கப்பட்ட மாவட்டம். ஆனால் எந்த மாவட்டம் என்பதைப் பிறந்த இடத்தை வைத்துப் பார்ப்பதில்லை, உயர்தரத்துக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் படித்த பாடசாலையை வைத்தே பார்க்கிறார்கள். ஆகவே நுவரெலியாவின் வறுமையால் கொழும்புக்கு வந்த இந்தப் பிள்ளை, கொழும்பு மாவட்டத்துப் பிள்ளையாகப் போட்டியிட்டாள், பௌத்தாலோக மாவத்தையில் மூன்று ரியூசன் மாஸ்டரிடம் போகும் பிள்ளையோடு. அவளுடைய இசட் புள்ளி நுவரெலியாவுக்கு இருந்திருந்தால் கிடைத்திருக்கும். விதியைப் போட்டவர்களைக் குறை சொல்லவில்லை. பின்தங்கிய மாவட்டத்தில் முகவரி மட்டும் வைத்துக்கொண்டு ஏமாற்றுவோரைத் தடுக்கத்தான் அந்த விதி. ஆனால் இந்தப் பிள்ளைகளை அப்போது யாரும் நினைக்கவில்லை.

இம்முறை நான் காசு சேர்க்கவில்லை. தொலைபேசியை எடுத்தேன். நமது பழைய மாணவி அக்கா ஒருவர், இராமகிருஷ்ண வீதிப் பக்கம், மூன்று அறை உள்ள மாடி வீட்டில் தனியாக இருக்கிறார். பிள்ளைகள் இருவரும் ரொரன்ரோவில். "அறை சும்மாதானே கிடக்குது, வரச்சொல்லு" என்றார். 2022ஐ நினைத்துப் பாருங்கள். மின்வெட்டு, எரிவாயு வரிசை, மண்ணெண்ணெய் வரிசை. அந்த வருடம் அந்தப் பிள்ளை அக்காவின் சாப்பாட்டு மேசையில் மெழுகுதிரி வைத்துப் படித்தாள். 2023 ஜனவரியில் மறுபடி எழுதினாள். 2024 நடுப்பகுதியில் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழக முகாமைத்துவ பீடத்தில் முதல் நாள். அவளுடைய 18ஆவது பிறந்தநாளிலிருந்து எண்ணிப் பாருங்கள், இரண்டரை வருடம்.

முதல் நீண்ட விடுமுறை வந்தபோது எனக்கு அழைப்பு. "டொக்டர் மிஸ், ஹொஸ்டல் மூடுறாங்க." நான் பதில் சொல்லமுன்னம் அவளே சொன்னாள், "பெரியம்மா வரச்சொல்லிட்டாங்க, சும்மா உங்களுக்குச் சொல்லலாம்னு எடுத்தேன்." அந்தச் 'சும்மா'வைக் கேட்டபோது கட்டுநாயக்காப் பிள்ளையை நினைத்தேன்.

இங்கிலாந்திலிருந்து வந்திருக்கும் சகோதரிகளுக்கு இது தெரிந்திருக்கலாம். அங்கே அரச பராமரிப்பில் வளர்ந்து உயர்கல்விக்குப் போகும் பிள்ளைக்கு விடுமுறைக்காலத் தங்குமிடம் கொடுப்பது உள்ளூராட்சி சபையின் சட்டக் கடமை. 25 வயதுவரை ஓர் ஆலோசகரும் உண்டு. இந்தியாவில் 2015ஆம் ஆண்டின் சட்டம் 18க்குப் பின்னும் 21 வரை பராமரிப்புக்கு இடம் தருகிறது. நம் நாட்டிலும் 2019இல் மாற்றுப் பராமரிப்புக்கான தேசியக் கொள்கை வந்தது. கொள்கை நடைமுறைக்கு வரும்வரை பிள்ளைகளின் பிறந்தநாள் காத்திருக்காது. சட்டம் வருமுன் மனிதர்கள் செய்த உதாரணம் நம்மிடம் இருக்கிறது. தெல்லிப்பழையில் துர்க்காபுரம் மகளிர் இல்லத்தை நடத்திய தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார் அரசாங்கமல்ல, ஓர் ஆசிரியை.

நம்மில் நாற்பதைத் தாண்டிய சிலருக்கு வீடில்லாமல் இருப்பது என்னவென்று தெரியும். 1983இல் எனக்கு நான்கு வயது. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமில் சீமெந்துத் தரையில் படுத்தது மங்கலாக ஞாபகம் இருக்கிறது. ஆனால் அம்மாவின் சேலைத் தலைப்பு என் கையில் இருந்தது. அதனால் அதை நான் வீடில்லாத நாட்களாக எண்ணுவதில்லை.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். நூற்றாண்டு நினைவாகக் கட்டப்போகும் மண்டபத்துக்கு நான் எதிரி அல்ல, அதற்கும் என் பங்கைக் கொடுத்துவிட்டேன். ஆனால் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள மாடி வீடுகளில் எத்தனை அறைகள் பூட்டிக் கிடக்கின்றன? லண்டனிலிருந்தும் மெல்பேணிலிருந்தும் மூன்று கிழமைக்கு வரும் பிள்ளைகளுக்காக வருடம் முழுவதும் தூசி தட்டி வைத்திருக்கும் அறைகள். அப்படி ஓர் அறையை, உயர்தரத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடைப்பட்ட காலத்துக்கோ, பல்கலைக்கழக விடுமுறைகளுக்கோ ஒரு பிள்ளைக்குத் திறந்துவிட முடியுமா? அறை இல்லாதவர்கள் ஒரு பிள்ளைக்கு ஓர் அக்காவாக நாலு வருடம் இருக்கலாம். கிழமைக்கு ஒரு அழைப்பு. படிவத்தில் 'அவசர நேரத்தில் தொடர்புகொள்ள வேண்டியவர்' என்ற கோட்டில் எழுத ஒரு பெயர். அந்தக் கோட்டை வெறுமையாக விட்டுவிட்டு வந்த பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டில் இருந்துகொண்டும் இதைச் செய்யலாம், வட்ஸ்அப் எதற்கு இருக்கிறது?

சில கண்டிப்புகள். நன்னடத்தை உத்தியோகத்தருக்கும் இல்லப் பொறுப்பாளருக்கும் தெரியாமல் எதுவும் இல்லை. பிள்ளைக்குத் தனிச் சாவி, கதவுக்கு உள்தாழ்ப்பாள். வெளிப்படையாகச் சொல்கிறேன், வீட்டு வேலைக்கு ஆள் தேடுபவர்கள் தயவுசெய்து வரவேண்டாம். 'படிக்க வைக்கிறோம்' என்று கூட்டிப்போய்ச் சமையலறையில் விட்ட கதைகள் நம் சமூகத்தில் நிறைய உண்டு. தன் கோப்பையைத் தான் கழுவினால் போதும். படமும் வேண்டாம். 2019இல் நாங்கள் எடுத்த படம் இன்னும் என் கைபேசியில் இருக்கிறது, என்னால் அதைத் திறந்து பார்க்க முடிவதில்லை.

இந்த வருட உயர்தரம் நெருங்குகிறது. அந்த இல்லத்திலிருந்து நான்கு பேர் எழுதுகிறார்கள். இருவருக்கு ஏற்கெனவே 18 முடிந்துவிட்டது. பிறகு பரீட்சை முடியும். அதற்குள் குறைந்தது இரண்டு அறை தேவை. தேநீர் வேளையில் வாசலுக்குப் பக்கத்து மேசையில் ஒரு கொப்பியோடு இருப்பேன். முதல் வரியில் என் வீட்டை எழுதியிருக்கிறேன். என் மகளுக்கு உயர்தரம் சரிவராதபோது நாங்கள் செகண்ட் ஷைகூட எடுக்கவிடாமல் காசு கட்டி மலேசியாவுக்கு அனுப்பினோம். அன்றிலிருந்து அவளுடைய அறையும் பூட்டித்தான் கிடந்தது. போன கிழமை அவளிடம் கேட்டேன். மேசை இலாச்சியில் உள்ள தன்னுடைய பழைய கொப்பிகளை எறியவேண்டாம், வர்த்தகப் பிரிவுக் குறிப்புகள் நல்லதாக இருக்கும், அந்தப் பிள்ளைக்குக் கொடுங்கள் என்றாள்.