கொம்பேறி மூக்கனும் சுடுகாட்டுப் புகையும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது ஒரு பாம்பைப்பற்றி. கொம்பேறி மூக்கன் என்றால் நடுங்காதவர்கள் நம்மில் சிலரே. அது கடித்தால் ஆள் பிழைக்கமாட்டானாம். கடித்ததோடு நில்லாமல், சுடுகாட்டு மரத்தின் உச்சியிலேறி, பிணம் எரியும் புகையைப் பார்த்த பிறகே இறங்குமாம். பாட்டிமார் சொல்ல, நாமும் நம்பினவர்கள்தான்.

உண்மை என்ன? கொம்பேறி மூக்கன் விஷமில்லாப் பாம்பு. விஷம் செலுத்தும் பல் அதன் வாயிலே இல்லை. இரையை நழுவவிடாமல் பிடிக்கும் சிறு பற்களே உண்டு. மெல்லிய உடல், மூன்று நான்கு அடி நீளம், அதில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு வால். முதுகிலே வெண்கல நிறப் பட்டை. வயிற்றுச் செதில்களின் இரு ஓரமும் மடிந்து விளிம்பு கட்டியிருப்பதால், மரப்பட்டையின் சொரசொரப்பைப் பற்றி ஏறுகிறது. பகலில் ஓணான், பல்லி, தவளை தேடித் தின்கிறது, முட்டையிடுகிறது. மரத்தில் ஏறுவது வயிற்றுப்பாட்டுக்கே தவிர, யார் புகையையும் பார்க்க அல்ல.

இன்னும் யோசியுங்கள். நம் ஊர்களில் சாதிக்கொரு சுடுகாடு வைத்திருக்கிறோம். கடித்த பாம்பு, கடிபட்டவனுடைய சாதியை விசாரித்துக்கொண்டா சரியான சுடுகாட்டுக்குப் போகிறது? கடிபட்டவர் முஸ்லிமாகவோ கிறிஸ்தவராகவோ இருந்து, உடலைப் புதைத்துவிட்டால், புகைக்குக் காத்திருந்து அந்தப் பாம்பு பட்டினி கிடந்தா சாகும்?

இதில் சிரிப்பதற்கு மட்டுமே விஷயம் இருந்தால் நாம் இவ்வளவு பேசமாட்டோம். இப்பாம்பு கடித்தவனைப் பாடம் போடுகிறவரிடம் தூக்கிப் போகிறார்கள். அவர் வேப்பிலை அடிக்கிறார். பயத்தால் மயங்கினவன் எழுந்துவிடுகிறான். விஷமில்லாத கடிக்கு மந்திரம் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. பெயர் மந்திரத்துக்குப் போகிறது. மறுமாதம் கட்டுவிரியன் கடித்த பிள்ளையையும் அதே திண்ணைக்குக் கொண்டுபோகிறார்கள். அந்தப் பிள்ளை எழுவதில்லை. கேட்டால், "விதி" என்கிறார்கள். பிழைத்தால் மந்திரம், செத்தால் விதி! இந்த வியாபாரத்தில் நஷ்டம் யாருக்கு?

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பெரும்பாலோர் கிராமத்து ஏழைகள். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் ஒரே முறிமருந்து உண்டு. அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தைச் சென்னைக்கருகே 1978இல் இருளர்கள் அமைத்த கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுத்துவந்தது. பாம்பைக் கும்பிட்டவர்களல்ல, பாம்பை அறிந்தவர்களே உயிர் காத்தார்கள்.

ஆகவே தோழர்களே, கொம்பேறி மூக்கனைக் கண்டால் கொல்லவேண்டாம், வழி விடுங்கள். எந்தப் பாம்பு கடித்தாலும், இன்னதென்று நீங்களே தீர்மானிக்காதீர்கள். கீறவேண்டாம், உறிஞ்சவேண்டாம், இறுக்கிக் கட்டவேண்டாம். கடிபட்ட அங்கத்தை அசைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள். திண்ணையில் போகிற ஒவ்வொரு நாழிகையும் ஓர் உயிரின் விலை என்று கூறி முடித்துக்கொள்ளுகிறோம்.